திமில் இல்லாத காளை

பேராண்டி, நீ அனுப்பின படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன், கழட்டிப் பார்த்தேன், போனைத் தலைகீழாப் பிடிச்சும் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் அமர்க்களமாத்தான் இருக்கு. தோள்ல ஆரம்பிச்சு மணிக்கட்டு வரைக்கும் மலை, அலை, தாமரை, மயிலிறகு, ஜல்லிக்கட்டுக் காளை, பனைமரம், நடராசர், எல்லாத்துக்கும் கீழே கீழடி எழுத்துல உன் பேரு. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டப் போறப்போ மொத்தப் பங்காளியும் ஒரே வேன்ல ஏறின மாதிரி எல்லாரும் வந்துட்டாக. ஒருத்தரை விட்டுட்டுப் போகவும் உனக்கு மனசு வரலை. இரக்க குணம். உங்க அப்பத்தா வழியில வந்திருக்கும்.

“இயற்கையும் நம்ம பாரம்பரியமும் கலந்து, உலகத்துல வேற எவன் கையிலயும் இல்லாத டிசைனா வேணும், யார்கிட்டயும் சொல்லிடாதீக தாத்தா”ன்னு எழுதியிருந்தே. நான் வாயே திறக்கலை ராசா. ஆனா அந்தப் படத்தை நீ எனக்கு அனுப்பலை, குடும்ப குரூப்புல போட்டிருக்கே. மதுரைச் சித்தப்பன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கான். உங்க அம்மா இன்னும் ஒண்ணுமே போடலை. எனக்குக் கவலையே அதுதான்.

கிழவன் வேண்டாம்னு சொல்லத்தான் வர்றான்னு நினைச்சுக்கிடாதே. ஆயுசுல பாதியைக் கம்பவுண்டரா இருந்து ஊரெல்லாம் ஊசி குத்தினவன், நீ காசு குடுத்துக் குத்திக்கிறதைத் தடுப்பேனா? நாங்க சும்மா குத்த வந்தப்போ வைக்கப்படப்புக்குப் பின்னாடி ஓடி ஒளிஞ்ச பரம்பரை, இப்போ மணிக்கு இவ்வளவுன்னு ரூபாய் கட்டி, அட்வான்ஸ் குடுத்து, ஏசி ரூம்ல படுத்துக் குத்திக்கிடுது. நாடு முன்னேறியிருக்கு. எனக்கு இருக்குறது சில சந்தேகம் மட்டும்தான்.

மொதல்ல அந்தப் பனை. அது எந்த ஊர்ப் பனை ராசா? நம்ம பனை கருப்பா, செங்குத்தா நிக்கும். தலையில ஓலை விசிறி விசிறியா விரியும். நீ அனுப்பினது இடுப்பை வளைச்சுக் கடல் பக்கம் சாஞ்சு நிக்குது, தலையில கீற்று தொங்குது, பின்னாடி சூரியன் விழுகுது. அது தென்னைடா. அதுவும் நம்ம ஊர்த் தென்னைகூட இல்லை, அமெரிக்காக்காரன் டிராயர் போட்டுக்கிட்டு ஹவாய்த் தீவுல படுத்துக் கிடப்பானே, அந்தக் கடற்கரைத் தென்னை. தமிழ்நாட்டு அரசு மரம் பனைன்னு பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணி மார்க்கு வாங்கினவன் நீ. மார்க்கு வாங்கின கையில தென்னையைக் குத்திக்கிட்டுப் பனைன்னு சொன்னா, பனையேறி ஒருத்தர் பார்த்தா நாண்டுக்கிடுவார். ஆண்பனைன்னா அலகு தொங்கணும், பெண்பனைன்னா நுங்குக்குலை தொங்கணும். உன் மரத்துல ரெண்டும் இல்லை. துறவியா?

காளை அதைவிட விசேஷம். கொம்பைத் தாழ்த்திக்கிட்டு, மூக்குல புகை விட்டுக்கிட்டு, புழுதி கிளப்பிக்கிட்டு வருது. எல்லாம் சரி, முதுகு ஏன் ராசா வழவழன்னு இருக்கு? திமில் எங்கே? 2017-ல மெரினாவுல மணல்ல உட்கார்ந்து, செல்போன் லைட்டைத் தூக்கிக் காட்டிக்கிட்டு ராத்திரியெல்லாம் கத்தினீகளே, எதுக்காகக் கத்தினீக? வாடிவாசல்ல வர்ற மாட்டைத் திமிலைப் பிடிச்சு அணையணும், வாலைப் பிடிக்கக் கூடாது, கொம்பைப் பிடிக்கக் கூடாது. இதுதானே ஆட்டமே! உன் மாட்டுல பிடிக்கிறதுக்கு இடமே இல்லையே. அது ஸ்பெயின் தேசத்துல வாளால குத்திக் கொல்றதுக்கு வளர்க்குற மாடு. போன்ல தேடினப்போ அது மொதல்ல வந்து நின்னிருக்கும், நீயும் பாவம், வந்தவுகளை வான்னு கூப்பிட்டுட்டே. புலிக்குளம் மாடு ஒண்ணு பக்கத்தூர்ல கட்டிக் கிடக்கு. வந்து பாரு. திமில் ஒரு பக்கமா லேசாச் சாஞ்சு, மாடு திரும்புறப்போ அதுவும் குலுங்கும். அந்தக் குலுங்கல் ஒரு கோட்டுல வந்துட்டா மூக்குப் புகையெல்லாம் தேவையே இல்லை.

தாமரையைப் பத்தி ரொம்பச் சொல்லலை. இலை தண்ணியில படுத்துக்கிட்டு, ஒரு பக்கம் கிழிஞ்ச மாதிரி வெட்டு இருந்தா அது அல்லி. தாமரை இலைக்கு வெட்டு கிடையாது, காம்பு நட்ட நடுவுல நிக்கும், பூவுக்குள்ள பொகுட்டு இருக்கும். உன் படத்துல பூ தாமரை, இலை அல்லி. கலப்புத் திருமணம்னு வெச்சுக்கிடுவோம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

நடராசர்கிட்ட வருவோம். பயபக்தியோடதான் பேசுறேன். சிதம்பரத்துல அவுக வலது கால்ல முயலகனை மிதிச்சுக்கிட்டு இடது காலைத் தூக்கி ஆடுவாக. உன் படத்துல வலது கால் மேல இருக்கு. மதுரை வெள்ளியம்பலத்துல மட்டும் கால் மாறி ஆடுவாக, அதைத்தான் குத்தப் போறியோன்னு சந்தோசப்பட்டேன். அப்புறம் பார்த்தா உடுக்கையும் நெருப்பும்கூடக் கை மாறியிருக்கு. எவனோ கண்ணாடி முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்து, அதைப் பார்த்து வரைஞ்சிருக்கான். பக்தி இருக்கோ இல்லையோ, கையும் காலும் கணக்காயிருக்கணும். சாமிக்குப் பக்கத்துல காளை மூக்குப் புகையை விடுது பாரு, அதையும் கொஞ்சம் தள்ளி நிப்பாட்டு. கால்லயும் குத்தணும்னு தோணினா, இடுப்புக்குக் கீழே மட்டும் சாமி வேண்டாம். உங்க அப்பத்தா இருக்குற வீட்டுக்குள்ள அந்தக் காலோட வர முடியாது.

கீழடி எழுத்து விவகாரம் கொஞ்சம் நுணுக்கமானது. கீழடிப் பானை ஓட்டுல ‘ஆதன்’னு கீறியிருக்காகளே, அந்த மனுசன் ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி என்னத்துக்குக் கீறினார்? பானை தன்னோடதுன்னு ஊருக்குத் தெரியணும்னுதான் இருக்கும்னு நான் நினைக்கேன். நீயும் உன் கையில உன் பேரையே போடப் போறே. கையை எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்னு பயமா? சரி, போடுறதுதான் போடுறே, ஆப்புல தட்டினா வர்ற எழுத்தை நம்பாதே. அந்தக் காலத்து எழுத்துல மெய்யெழுத்துக்குப் புள்ளி எல்லா இடத்துலயும் வைக்கமாட்டாக. படிக்கிறவரு முன்னப் பின்னப் பார்த்துத்தான் க-வா, க்-கான்னு முடிவு பண்ணணும். கல்வெட்டு படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டிட்டுக் குத்து. இல்லேன்னா நீ ஒரு பேரு சொல்லுவே, உன் கை வேற ஒருத்தன் பேரைச் சொல்லிக்கிட்டிருக்கும்.

வேற எவன் கையிலயும் இல்லாதது வேணும்னு கேட்டேல்ல? அதுக்கு எதுக்கு ராசா போனை நோண்டணும். சித்திரை வெயில்ல நம்ம தெற்குக் காட்டுக்கு வா. கரிசல் வெடிச்சுக் கிடக்கும். எந்த ரெண்டு புஞ்சையிலும் வெடிப்பு ஒண்ணா இராது, போன வருச வெடிப்பு இந்த வருசம் வராது. உங்க பாட்டனார் உழுத நிலத்து வெடிப்பை ஒரு போட்டோ எடுத்துக் கையில இறக்கினா, உலகத்துல எவனுக்கும் அது கிடையாது. பனைன்னா மரம் முழுசும் வேணும்னு ஏன் அடம் பிடிக்கணும்? மட்டையோட ரெண்டு ஓரத்துலயும் கருக்கு ஓடும் பாரு, சின்னச் சின்னப் பல்லா, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா. அதைக் கையைச் சுத்தி ஒரு வளையமாப் போட்டா எவனும் வாயைப் பிளப்பான். கருவேலங்காயைப் பார்த்திருக்கியா? விதைக்கு விதை இடுப்பு சிறுத்து, மணி கோத்தாப்பல தொங்கும். உங்க அத்தை சின்னப்பிள்ளையில காய்ஞ்ச காயைக் கால்ல கட்டிக்கிட்டுக் கொலுசுன்னு ஆடுவா. இதையெல்லாம் எவனும் படமாப் போட்டு வெச்சிருக்க மாட்டான். தேடினா வராது. நேர்ல வந்தாத்தான் வரும்.

உங்க அப்பத்தா கையை நீ சரியாப் பார்த்ததே இல்லைன்னு நினைக்கேன். இடது முன்கை உள்பக்கம் புள்ளிக்கோலம், புறங்கையில ஒரு தேள். அறுவடை முடிஞ்சு களத்துல தானியம் இருக்குற நாளாப் பார்த்துக் கூடை முடையுற குறவர் வீட்டம்மா ஊருக்குள்ள வருவாக. விளக்கெண்ணெய் விளக்குல சட்டியைக் காட்டிக் கரி எடுத்து, அகத்திக்கீரைச் சாறும் தாய்ப்பாலும் விட்டுக் குழைச்சுச் சிரட்டையில வெச்சிருப்பாக. ரெண்டு மூணு ஊசியை நூலால ஒண்ணாக் கட்டி, விரலால தோலை இழுத்துப் பிடிச்சு, புள்ளி புள்ளியாக் குத்துவாக. பிள்ளை அழுதா வலி தெரியாம இருக்கப் பாட்டுப் படிப்பாக. கடைசியில மஞ்சளை அப்பி விடுவாக. கூலி ஒரு மரக்கா கம்பு, ஒரு பழைய சேலை. மெட்ராஸ் மியூசியத்தைப் பார்த்துக்கிட்ட எட்கர் தர்ஸ்டன்னு ஒரு வெள்ளைக்காரர் 1909-ல ஏழு புஸ்தகமா தென்னாட்டு ஜாதிகளைப் பத்தி எழுதினதுல, இந்தப் பச்சை குத்துற வேலையும் வருது. நம்மாளுக அந்த அம்மாவைத் திண்ணைக்கு இந்தப் பக்கம் ஏத்தமாட்டாக, ஆனா பெத்த மகளோட கையை மட்டும் அவுக மடியில நீட்டச் சொல்லுவாக. இன்னைக்குப் பாரம்பரியம்னு ஏசி ரூம் சுவத்துல எழுதி வெச்சிருக்குறவுக, அந்த அம்மா வீட்டுப் பேரப்பிள்ளைக்கு ஒரு வேலை போட்டுக் குடுத்தா நான் கைதட்டுவேன்.

கரி கருப்புதானே, பச்சையா ஏன் தெரியுதுன்னு நீ கேட்டிருக்கணும். கேக்கலை. நானே சொல்றேன். கரி தோலுக்கு அடியில இருக்கு, வெளிச்சம் தோல் வழியாப் போய்ச் சிதறித் திரும்பி வர்றப்போ நீலம், பச்சைதான் நம்ம கண்ணுக்கு வந்து சேருது.

அந்தத் தேளைக் குத்திக்கிட்டா தேள் கொட்டாதுன்னு ஐதீகம். அப்பத்தாவைத் தேள் ஒரு தடவை கொட்டிச்சு. கையில இல்லை, கால்ல. தேளுக்குக் கையில இருந்த நோட்டீஸ் தெரியலை போலிருக்கு. இப்போ அந்தத் தேளுக்கு வயசாகி, கோடெல்லாம் ஊறிப் பரவி, கொடுக்கு எது வால் எதுன்னு தெரியலை. “இது நண்டா பாட்டி?”ன்னு உன் அக்கா மகள் கேக்குறா. புள்ளிக்கோலம் மட்டும் இன்னும் கணக்கா இருக்கு. ஏன்னா புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவுல அந்த அம்மா தாராளமா இடம் விட்டிருக்காக. நீ நடராசரோட தீ வட்டத்துல ஒவ்வொரு சுடருக்குள்ளயும் மூணு கோடு போடச் சொல்லியிருக்கே. முப்பது வருசம் கழிச்சு அவுக ஒரு வடைக்குள்ள நின்னு ஆடுவாக. கோட்டுக்குக் கோடு இடம் விடச் சொல்லு, டிசைனைப் பெருசாக்கு, ஆள்களைக் குறை. வேன்ல பாதிப் பேரை இறக்கி விட்டுடு. நம்ம கலருக்குக் கருப்புதான் நின்னு பேசும். அந்த வெளிர் மஞ்சள், ரோஸ் எல்லாம் மெத்தப் பேருக்குக் கண்ணுலயே படாது, காசு மட்டும் படும்.

பேரு குத்திக்கிறதுலயும் அப்போ ஒரு காரியம் இருந்துச்சு. பொம்பளைக புருசன் பேரை வாயால சொல்லமாட்டாக. ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர்ல எழுதணும், “கணவர் பேரு என்னம்மா”ன்னு கேட்டா, வெக்கத்தோட முந்தானையை விலக்கிக் கையை நீட்டுவாக. நான் படிச்சு எழுதிக்கிடுவேன். ஆதார் அட்டை வர்றதுக்கு அம்பது வருசம் முன்னாடியே நாங்க கையிலேயே அட்டை வெச்சிருந்தோம். உன் ரூம்ல இருக்குற பையன் போன மாசிவரைக்கும் ஒரு பிள்ளை பேரைக் குத்திக்கிட்டுத் திரிஞ்சான்ல? இப்போ அதுக்கு மேல பெரிய கழுகு ஒண்ணு உட்கார்ந்திருக்கு. அந்தக் கழுகு எதை அடைகாக்குதுன்னு எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லு. எழுபதுகள்ல எம்.ஜி.ஆர். தன் கட்சிக்காரவுகளைக் கையில கட்சிக்கொடியைப் பச்சை குத்திக்கிடச் சொன்னார். நம்ம ஊர்லயும் குத்தினாக. அதுல ஒருத்தர் அப்புறம் எத்தனையோ கட்சிக்குப் போய்ட்டார், சித்திரை மாசத்துலயும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். காரணம் கேட்டா வெயில் ஆகாதுன்னுவார்.

அதுக்குத்தான் சங்க காலத்து ஆளுக உசாரா இருந்திருக்காக. தோள்லயும் மார்லயும் சந்தனக் குழம்பால கரும்பு, வள்ளிக்கொடின்னு தொய்யில் எழுதிக்கிடுவாக. இயற்கை, பாரம்பரியம், தனி டிசைன் எல்லாம் அதுலயே அடங்கிப் போச்சு. பிடிக்கலையா, குளிச்சாப் போச்சு. உனக்கு மருதாணி இருக்கு, ரெண்டு வாரம் இருந்துட்டு மரியாதையாப் போயிரும். திருவிழாவுல கருப்பு மருதாணின்னு சீக்கிரம் பிடிக்கிறதை மட்டும் வெச்சுக்கிடாதே, அதுல தலைச்சாய மருந்தைக் கலந்துருவாக. தோல் வெந்து கொப்பளிச்சு நான் பார்த்திருக்கேன்.

குத்தினது ஏன் போகமாட்டேங்குதுன்னும் தெரிஞ்சுக்கோ. தோலோட மேல்பக்கம் மாசா மாசம் உதிர்ந்து புதுசாகும். மை அதுக்கும் கீழே போகுது. அங்கே காவலுக்கு இருக்குற அணுக்கள் மையை அந்நியன்னு நினைச்சு முழுங்கும், செரிக்க முடியாது, வயித்துலயே வெச்சிருக்கும். அது செத்தா மை வெளியே வரும், பக்கத்துல இருக்குற புது அணு அதை முழுங்கும். பிரான்ஸ்ல மார்செய் ஊர்க்காரவுக 2018-ல எலியோட வால்ல பச்சை குத்திப் பார்த்து இதைச் சொன்னாக. அந்த எலிக்கு என்ன டிசைன்னு பேப்பர்ல போடலை. லேசர் வெச்சு அழிக்கலாம், ஆனா ஒரே நாள்ல முடியாது, பல தடவை போகணும். கருப்பு ஒருமாதிரி வழிக்கு வரும், பச்சையும் மஞ்சளும் முரண்டு பிடிக்கும். குத்தின செலவைவிட அழிக்கிற செலவு கூட. வலியும் கூட.

உன் தம்பியும் பின்னாடியே வரிசையில நிக்கான், அவன் ராணுவத்துக்குப் போகணும்னு ஓடிக்கிட்டிருக்கான்ல? முன்கை உள்பக்கம், இல்லைன்னா புறங்கை, இந்த ரெண்டு இடத்தைத் தவிர வேற எங்கே நிரந்தரமாப் பச்சை இருந்தாலும் ராணுவ ஆளெடுப்புல திருப்பி அனுப்பிருவாக. பழங்குடி ஆளுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. தோள்ல புலி வரைஞ்சுக்கிட்டு எல்லைக்குப் போக முடியாம வீட்டு வாசல்ல உறுமிக்கிட்டு நிக்கப் போறான். சொல்லி வை.

இப்போ கம்பவுண்டராப் பேசுறேன், சிரிக்காமக் கேளு. எங்க காலத்துல கண்ணாடிச் சிரிஞ்சையும் ஊசியையும் கொதிக்க வெச்சு எடுப்போம். அடுத்தவன் ரத்தம் பட்ட ஊசி உன் மேல பட்டா மஞ்சக்காமாலை பி, சி, எய்ட்ஸ் கிருமி எது வேணும்னாலும் வரலாம். ஊசிப் பாக்கெட்டை உன் கண் முன்னாடி பிரிக்கணும். மையைப் புது மூடியில ஊத்தி எடுக்கணும், மிச்சத்தைத் திரும்பப் பாட்டில்ல ஊத்தக் கூடாது. கையுறையோட போனை எடுத்துப் பேசினான்னா, எந்திரிச்சு வந்துரு. பி-க்குத் தடுப்பூசி போட்டிருக்கியான்னு பார்த்துக்கோ. அம்மைத் தழும்பு, வெட்டுத் தழும்பு உனக்குத் தடிச்சுப் புடைக்கிற உடம்பா இருந்தா, நெஞ்சுலயும் தோள்லயும் குத்தவே குத்தாதே, கோடெல்லாம் கயிறு கயிறா எழும்பும். உங்க அப்பனுக்குத் தோள்ல அம்மைத்தழும்பு இப்படித்தான் இருக்கு, தடவிப் பாரு. பச்சை குத்தினா ஒரு வருசம் ரத்ததானம் எடுக்கமாட்டாக. நீ இதுவரைக்கும் குடுத்ததில்லை, ஆனா இனி சொல்றதுக்கு ஒரு நல்ல காரணம் கிடைக்கும்.

பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்கு வர்றதா இருந்தா, அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே குத்தி முடிச்சிரு. மூணு வாரமாவது கம்மாய்த் தண்ணி, கிணத்துத் தண்ணி படக்கூடாது, பொருக்கைப் பிய்க்கக் கூடாது, வெயில் காட்டக் கூடாது. அதைத் தாண்டிப் பச்சைப் புண்ணோட வந்து இறங்கினேன்னு வெச்சுக்கோ, உன் மாமன் மகளுக மஞ்சத்தண்ணிக் குடத்தோட தெருமுக்குல நிப்பாளுக. “கையில மட்டும் ஊத்தாதீக, புண்ணு இன்னும் ஆறலை”ன்னு கெஞ்சிப் பாரு. அங்கேதான் ஊத்துவாளுக.